ஊருக்குப் போகிறோம், நாயை எங்கே விடுவது? – வாசகர் கேள்வி பதில்

கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்துக்குள் நாய்களுக்கான போர்டிங் நடத்துகிறேன். கோடை விடுமுறை நெருங்குகிறது, வெளியூர் போகிறவர்கள் நாயை விட்டுவிட்டுப் போவது பற்றி நிறையக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். நோய் பற்றி வரும் இடங்களில் நான் சொல்வது தினமும் நாய்களோடு இருந்து பார்த்தது. மருந்தும் அளவும் உங்கள் கால்நடை மருத்துவர் சொல்வதுதான்.

அக்கா, மே மாதம் முதல் முறையாக எங்கள் லேப்ரடாரை 6 நாள் போர்டிங்கில் விடப் போகிறோம். நாங்கள் இல்லாவிட்டால் அவன் பட்டினி கிடப்பான் என்று என் மாமியார் இப்போதே கண் கலங்குகிறார். – வாசகி, ஈரோடு

முதல் நாள் சாப்பிட மாட்டான். அதை இப்போதே மாமியாரிடம் சொல்லிவிடுங்கள், அப்புறம் போனில் கேட்டுப் பதற வேண்டாம். புது இடம், புது வாசனை, பக்கத்து அறையில் முன்பின் தெரியாத நாய் குரைக்கிறது, வீட்டு ஆட்கள் யாரையும் காணோம், இத்தனைக்கும் நடுவில் பெரும்பாலான நாய்கள் ஒரு வேளையோ இரண்டு வேளையோ தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆரோக்கியமான பெரிய நாய்க்கு ஒரு நாள் சாப்பிடாததால் ஒன்றும் ஆகிவிடாது. நான் கவனிப்பது தண்ணீரை. 30 கிலோ லேப் ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். அவன் கிண்ணத்தில் எவ்வளவு ஊற்றினோம், எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டே இருப்போம். தண்ணீரும் தொடவில்லை, சோர்ந்தும் படுத்திருக்கிறான் என்றால் காத்திருக்க மாட்டோம், அன்றே மருத்துவர். குட்டிகளும் பொம்மை மாதிரி இருக்கும் சின்ன ரக நாய்களும் வேறு கணக்கு, அவை ஒரு வேளை தவறினாலே சர்க்கரை இறங்கித் தள்ளாட ஆரம்பிக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வீட்டில் என்ன சாப்பிடுகிறானோ அதையே 6 நாளுக்கும் ஒரு நாள் கூடுதலாகவும் கட்டிக் கொடுங்கள். தினமும் கோழிக் கழுத்து போட்டு வேகவைத்த சோறும் ராத்திரி தயிர் சாதமும் சாப்பிடுகிறவன் என்றால் அதை எழுதிக் கொடுங்கள், நாங்கள் சமைத்துப் போடுவோம். "போகிற இடத்திலாவது நல்ல டாக் ஃபுட் சாப்பிடட்டும்" என்று புதுப் பாக்கெட் வாங்கி அனுப்புகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். பிரிவின் பயத்தோடு புதுச் சாப்பாடும் சேர்ந்தால் இரண்டாம் நாள் கழிச்சல் நிச்சயம். மாமியாரின் துவைக்காத பழைய புடவை ஒன்றை அனுப்புங்கள், துவைத்து மடித்தது வேண்டாம், வாசனைக்காகத்தான் கேட்கிறேன். 6 நாள் விடுவதற்கு முன் ஏதாவது ஒரு சனிக்கிழமை ஒரே ஒரு ராத்திரி மட்டும் விட்டு, ஞாயிறு காலையில் வந்து கூட்டிக்கொண்டு போங்கள். விட்டுப் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்பதை நாய் தெரிந்துகொள்ள இதைவிட வேறு வழி இல்லை.

அப்புறம், வீடியோ காலில் நாயோடு பேசலாமா என்று பலரும் கேட்கிறீர்கள். எங்களுக்கு அனுப்பச் சிரமமில்லை, போட்டோவும் வீடியோவும் தினமும் அனுப்புகிறோம். ஆனால் நேரடியாகப் பேசும்போது குரல் கேட்கிறது, ஆள் இல்லை. அவ்வளவு நேரம் அமைதியாகப் படுத்திருந்தவன் எழுந்து கேட்டுக்கு ஓடுகிறான், சில நாய்கள் அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அழும். பதிவு செய்த வீடியோவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நாய் என்றால் உயிர். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஒரு போர்டிங் ஆரம்பிக்கலாமா? உங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது? – வாசகர், சேலம்

தம்பி, முதலில் வேலையை விடாமல் ஏதாவது ஒரு விடுதியில் ஒரு மாதம் சனி ஞாயிறு போய் வேலை செய்து பாருங்கள், சம்பளம் கேட்காதீர்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

காலை 5 மணிக்கு முதல் ஆள் எழுந்ததும் எல்லா நாய்களும் எழுந்துவிடும். கதவைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு அறையையும் நின்று பார்ப்பதுதான் அன்றைக்கு முக்கியமான வேலை. ராத்திரி வாந்தி எடுத்திருக்கிறதா, மலம் எப்படி இருக்கிறது, கட்டியா, தண்ணீரா, சளி கலந்திருக்கிறதா, ரத்தம் தெரிகிறதா, நடக்கும்போது ஏதாவது காலைத் தூக்குகிறதா, நேற்று துள்ளிக்கொண்டு வந்தது இன்றைக்கு மூலையில் இருந்து எழ மறுக்கிறதா. நாய்க்கு வாய் கிடையாது, நமக்குக் கிடைக்கும் சேதி இவ்வளவுதான். இதைப் பார்க்காமல் நேராக ஹோஸ் பைப்பை எடுத்துத் தண்ணீர் அடித்துவிட்டால் அன்றைய சேதி அத்தனையும் சாக்கடையில் போய்விடும். அதனால் எங்களிடம் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுப்பது, குளிப்பாட்டுவதெல்லாம் பிறகு.

கழுவுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் மலத்தை அள்ள வேண்டும், பிறகு சோப்புத் தண்ணீரால் தேய்த்து மூத்திரம் போகக் கழுவ வேண்டும், அதற்கு அப்புறம்தான் பிளீச்சிங் கரைசல். மூத்திரத்தின் மேலேயே பிளீச்சிங்கை ஊற்றினால் அதில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து வரும் ஆவி நாய்க்கும் நமக்கும் நெஞ்சை அடைக்கும். ஊற்றிய கரைசல் பத்து நிமிடமாவது தரையில் நிற்க வேண்டும், பிறகு அலசி, துடைத்து, காயவிட வேண்டும். ஈரத் தரையில் நாயை விட்டால் விரல் இடுக்கில் புண் வரும். இத்தனையும் ஒவ்வொரு அறைக்கும், தினமும், மழை பெய்தாலும் ஆள் வராவிட்டாலும்.

ஓட விடுவது சிறு குழுக்களாக. பெரியதோடு சின்னதைச் சேர்க்க மாட்டோம். சிப்பிப்பாறையும் கன்னியும் அருமையான நாய்கள், மனிதர்களிடம் அவ்வளவு பாசம், ஆனால் முயல் வேட்டைக்கென்று வளர்ந்த ரத்தம், சின்ன பாமரேனியன் ஒன்று குறுக்கே ஓடினால் கண் அங்கேதான் போகும். அவற்றுக்குத் தனி நேரம், நீளமான இடம். குழுவில் இருக்கும்போது பந்து, எலும்பு, சாப்பாட்டுத் தட்டு எதுவும் உள்ளே இருக்கக் கூடாது, சண்டையில் பாதி அதனால்தான் வருகிறது. ஓடி முடித்து மூச்சு அடங்கிய பிறகுதான் சாப்பாடு, சாப்பிட்டதும் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு பறை மாதிரி விறைக்கும், வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது. அது வந்தால் நேரமே கிடையாது, அடுத்த நிமிடம் வண்டி கிளம்ப வேண்டும்.

மதியம் எல்லாம் தூங்கும். நாங்கள் அப்போது மருந்துப் பட்டியல் பார்ப்போம், சாப்பாடு சமைப்போம், துணி துவைப்போம், போன் பேசுவோம். சாயங்காலம் மறுபடியும் காலையில் செய்தது எல்லாம். ராத்திரி ஒரு ஆள் அங்கேயே படுக்க வேண்டும், சிசிடிவி போதும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். கேமராவில் நாய் வலிப்பு வந்து துடிப்பது தெரியும், போய்த் தலையைச் சுவரில் இடிக்காமல் பிடிக்க ஆள்தானே வேண்டும்.

கட்டடம் கட்டும்போது இரண்டு விஷயத்தில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். அறைகள் எதிரெதிரே இல்லாமல் ஒரே வரிசையாக இருக்கட்டும், ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே இருந்தால் நாள் முழுக்கக் குரைக்கும். வாசலில் இரட்டைக் கேட் வையுங்கள், ஒன்றைப் பூட்டிய பிறகுதான் அடுத்தது திறக்க வேண்டும். நாய் தப்பி ஓடுவது பெரும்பாலும் கொண்டுவந்து விடுகிற அந்த ஐந்து நிமிடத்தில்தான், காரிலிருந்து இறங்கியதும், தளர்ந்த காலரிலிருந்து தலையை உருவிக்கொண்டு.

ஒரு நாளைக்கு 600 ரூபாய் கேட்கிறார்கள். ஒரு நாய் 600 ரூபாய்க்கா சாப்பிடும்? – வாசகர், கரூர்

சாப்பாடு அதில் சின்னப் பங்குதான் ஐயா. சம்பளம்தான் பெரியது, ராத்திரி தங்குகிற ஆளுக்கும் சேர்த்து. தண்ணீர், கரண்ட், கழிவு அகற்றுவது, மருந்து, இடத்துக்கு வாடகை. அதோடு ஏப்ரல், மே, தீபாவளி, பொங்கல் நேரத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்புகிற நாங்கள் பள்ளிக்கூடம் திறந்ததும் ஜூன், ஜூலையில் பாதி அறை காலியாக வைத்துக்கொண்டு அதே சம்பளத்தைக் கொடுக்கிறோம். விலை குறைவாகச் சொல்கிற இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு ஆளுக்கு எத்தனை நாய்? பதில் சொல்லத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

எங்கள் ஷிட்சு வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை, ரேபிஸ் ஊசி மட்டும் போட்டிருக்கிறோம். மற்ற ஊசி இல்லாததால் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இது நியாயமா? – வாசகி, திருப்பூர்

நியாயம்தான் அம்மா, நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். வீட்டை விட்டுப் போகாத நாய் என்பதால்தான் இன்னும் கவலை, அதன் உடம்பு எந்தக் கிருமியையும் பார்த்ததே இல்லை.

ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ வைரஸ் மலம் வழியாகப் பரவும். நோய் வெளியே தெரிவதற்கு முன்பே அந்த நாயின் மலத்தில் வைரஸ் வர ஆரம்பித்துவிடும். செருப்பில், வண்டிச் சக்கரத்தில் ஒட்டி வரும், நிழலான மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வீட்டில் ஊற்றுகிற ஃபினாயிலுக்கெல்லாம் அது அசையாது. பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் என்று கலந்து ஊற வைத்தால்தான் போகும். மண் தரையில் அதுவும் முடியாது. ஒரு நாய் கொண்டுவந்தால் விடுதியையே மூட வேண்டியதுதான். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் இன்னும் கொடுமை, மூளைக்கு ஏறிவிட்டால் பிழைக்கும் நாய்க்கும் பல நேரம் வெட்டு வெட்டென்று இழுப்பு நிற்காது. எலி மூத்திரத்தில் வரும் லெப்டோ என்ற எலிக் காய்ச்சல் நாய்க்கு மட்டுமில்லாமல் அதைப் பார்த்துக்கொள்கிற எங்கள் ஆட்களுக்கும் வரும். ரேபிஸ் தவிர இந்த மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி இருக்கிறது. குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் ஆகும்வரை இடைவெளி விட்டுப் போட வேண்டும், பிறகு எப்போது என்று மருத்துவர் குறித்துக் கொடுப்பார்.

பயணத்துக்கு முந்தின நாள் ஊசி போட்டுக்கொண்டு வந்து புத்தகத்தை நீட்டுகிறவர்கள் உண்டு. ஊசி போட்டதும் எதிர்ப்பு சக்தி வந்துவிடாது, இரண்டு வாரமாவது வேண்டும். உங்கள் நாய்க்கு இதுவரை போட்டதே இல்லை என்பதால் இரண்டு தவணை தேவைப்படலாம், பயணத் தேதியைச் சொல்லி இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

போர்டிங்கில் விட்டுத் திரும்பக் கூட்டிவந்த எங்கள் கோல்டன் ரெட்ரீவருக்கு உடம்பெல்லாம் உண்ணி. பத்து நாள் கழித்துக் காய்ச்சல், சாப்பாடு இல்லை. விடுதிக்காரரிடம் கேட்டால் "வரும்போதே இருந்தது" என்கிறார். – வாசகர், மதுரை

யார் பொறுப்பு என்பதைப் பிறகு பாருங்கள், இன்றைக்கே ரத்தப் பரிசோதனை எடுங்கள். உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்வது எர்லிகியா, பேபீசியா போன்ற கிருமிகளால் வருவது. எர்லிகியா உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்தில் வெளியே தெரியும், நீங்கள் சொல்கிற கணக்கு அதற்குப் பொருந்துகிறது. தட்டணுக்கள் இறங்கும், ஈறு வெளுக்கும், சில நாய்க்கு மூக்கில் ரத்தம் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையில் சரியாகிவிடும், தள்ளிப்போட்டால் எலும்பு மஜ்ஜைவரை பாதிக்கும். மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் பேபீசியாவாக இருக்கலாம், அது ராத்திரியானாலும் காத்திருக்கக் கூடாது.

விடுதிப் பக்கத்தைச் சொல்கிறேன். நம் ஊர் நாயில் இருக்கும் பழுப்பு உண்ணி கட்டடத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்து பெருகக் கூடியது. ரத்தம் குடித்ததும் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவுச் சந்திலும் ஏறி ஒளிந்து, ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். ரத்தம் கிடைக்காமலே மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால் நாயின் மேல் மட்டும் மருந்து போட்டால் போதாது, வெடிப்பைப் பூச வேண்டும், சுவருக்கும் மருந்து அடிக்க வேண்டும். வரும்போதே இருந்திருக்கலாம் என்பது உண்மைதான். அப்படி இருந்தால் உள்ளே எடுக்கும் அந்த நேரத்திலேயே உங்களுக்குக் காட்டியிருக்க வேண்டும். நாங்கள் கேட்டுக்கு வெளியிலேயே காது மடலுக்குள், கால் விரல் இடுக்கில், வாலுக்கு அடியில், கழுத்துப் பட்டைக்குக் கீழே, எல்லாம் உரிமையாளர் முன்னால் பிரித்துப் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். திரும்பக் கொடுக்கும்போதும் அதே மாதிரி பார்த்துக் காட்டுகிறோம். அடுத்த முறை நீங்கள் எங்கே விட்டாலும் இதை வற்புறுத்துங்கள்.

இருமலோடு வந்தது என்றும் இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். கென்னல் காஃப் எனும் அந்த இருமல் காற்றில் பரவுவது, தொண்டையில் ஏதோ சிக்கின மாதிரி இருமிக் கக்கும். எவ்வளவு சுத்தமான விடுதியிலும் வரலாம். அதற்கும் தடுப்பு மருந்து இருக்கிறது. வந்தால் எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள், மற்ற நாய்களைப் பிரித்து வைக்க அது உதவும்.

எங்கள் நாய் ஒரு முறை பக்கத்து வீட்டுப் பையனைக் கடித்திருக்கிறது. இதைச் சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. சொல்லத்தான் வேண்டுமா? – பெயர் வேண்டாம், பொள்ளாச்சி

சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதியிருக்கும் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கடிக்கும் நாயை எங்களால் பார்த்துக்கொள்ள முடியும். கடிக்கும் என்று தெரியாத நாயைத்தான் முடியாது. எப்போது கடித்தது, தூங்கும்போது தொட்டதாலா, தட்டில் கை வைத்ததாலா, காதைப் பிடித்ததாலா, ஆண்களைக் கண்டால் மட்டுமா, குடை பிடித்தவரைக் கண்டாலா, இதெல்லாம் தெரிந்துவிட்டால் தட்டை வைக்கிற விதத்தை மாற்றுவோம், ஒரே ஆளை ஒதுக்குவோம், கதவு திறக்கிற முறையை மாற்றுவோம். "ரொம்ப சாது, குழந்தை மாதிரி" என்று சொல்லி விட்டுப் போன நாயின் தட்டை எடுக்கப் போய்க் கை கிழிந்து தையல் போட்டு வந்த பெண் எங்களிடம் வேலை செய்கிறார். அவருக்கு இரண்டு பிள்ளைகள், கையை நம்பித்தான் குடும்பம். சேர்க்க மாட்டார்களோ என்ற உங்கள் பயம் புரிகிறது, ஆனால் மறைப்பதால் ஆபத்து யாருக்கு என்பதையும் நினைத்துப் பாருங்கள். சில விடுதிகள் முடியாது என்றுதான் சொல்லும். சொல்லட்டும், முடியும் என்கிற இடத்தைத் தேடுங்கள்.

எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் முன்கூட்டியே ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறோம். அப்படிப் போட்டிருந்தாலும் கடி பட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், பிறகு மருத்துவமனை போய் மறுபடியும் இரண்டு ஊசி. வீட்டில் யாருக்குக் கடி பட்டாலும் இந்தக் கழுவுவதை விடாதீர்கள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் அப்பாதீர்கள். ஊசி அரசு மருத்துவமனையிலேயே இலவசம்.

கடி மட்டுமில்லை, வலிப்பையும் மறைக்கிறார்கள். வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டோன் சாப்பிடுகிற நாய்க்கு இரண்டு வேளையும் நேரம் தவறாமல் கொடுத்தாக வேண்டும், திடீரென்று நின்றால் வலிப்பு முன்னைவிடப் பலமாகத் திரும்பி வரும். மாத்திரையைக் கொடுத்தால் "நோய் நாய்" என்று நினைப்பார்களோ என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள். இடிக்குப் பயமா, சுவர் ஏறுமா, பூனையைத் துரத்துமா, துணியை விழுங்குமா, கடைசியாக எப்போது மருத்துவரைப் பார்த்தீர்கள், எதற்காக. நாங்கள் படித்துவிட்டு அதை அறைக் கதவிலேயே மாட்டி வைப்போம்.

பெண் நாய் ஹீட்டில் (இணை சேரும் பருவத்தில்) இருக்கும்போது விடலாமா? – வாசகி, நாமக்கல்

முடிந்தவரை வேண்டாம். சுமார் மூன்று வாரம் இருக்கும் அது, ரத்தம் நின்ற பிறகும் முடிந்துவிடாது, அந்த நாட்களில்தான் சினை பிடிக்கும். விடுதியில் இருக்கும் ஆண் நாய்கள் அத்தனையும் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கதவைப் பிறாண்டிக்கொண்டிருக்கும். பயணத்தைத் தள்ள முடியாதென்றால் முன்பே சொல்லுங்கள், தனிக் கட்டடம் இருக்கிற இடம் வேண்டும். குட்டி எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள், கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கிற நோயிலிருந்தும் அது காப்பாற்றும்.

தீபாவளிக்கு எங்கள் நாய் கட்டிலுக்கு அடியில் போய் இரண்டு நாள் வெளியே வராது. போர்டிங்கில் விட்டால் நல்லதா? – வாசகர், சிவகாசி

நாய்க்கு நன்றாகப் பழகிய இடம் என்றால் நல்லது, புது இடம் என்றால் பயத்தோடு இன்னொரு பயத்தைச் சேர்த்த மாதிரி ஆகிவிடும். அதனால் தீபாவளிக்கு மட்டும் முதல் முறையாக வரும் நாய்களை நான் எடுப்பதில்லை. ஆடி, ஆவணியில் இரண்டு முறை வந்து தங்கிப் பழகட்டும்.

தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. நடப்பது எல்லோருக்கும் தெரியும். முந்தின ராத்திரியே தொடங்கி அடுத்த நாள் வரைக்கும் போகும். உங்கள் ஊரில் வெடிதான் பிழைப்பு, அதைக் குறை சொல்லி எழுத எனக்கு மனம் வரவில்லை. நாய்க்கு என்ன செய்யலாம் என்பதை மட்டும் சொல்கிறேன். வெளிச்சம் இருக்கும்போதே நடத்திக் கூட்டிவந்துவிடுங்கள், மாலைச் சாப்பாட்டைச் சீக்கிரம் கொடுங்கள், ஜன்னலைச் சாத்தி, ஃபேனும் டிவியும் ஓடட்டும், கட்டிலுக்கு அடியில் போனால் இழுக்காதீர்கள், அது தேர்ந்தெடுத்த இடம் அதுதான். பக்கத்தில் உட்காருங்கள், தடவிக் கொடுங்கள், ஆறுதல் சொன்னால் பயம் கூடும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். மிகவும் நடுங்குகிற நாய்க்கு மருந்து இருக்கிறது, பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைக் கேட்டு ஒரு முறை கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தில் போன் நம்பர் போட்ட வில்லை கட்டாயம். வெடிச் சத்தத்தில் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி, திரும்பி வரத் தெரியாமல் எங்கள் பக்கத்து ரோட்டில் நிற்கிற வீட்டு நாய்களை ஒவ்வொரு தீபாவளிக்கும் பார்க்கிறேன்.

மலையடிவாரம் என்கிறீர்கள், சிறுத்தை வராதா? – வாசகர், மேட்டுப்பாளையம்

வரும். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டின ஊர்களில் சிறுத்தைக்கு நாய் பழகின இரை, உங்களுக்கே தெரிந்திருக்கும். அதனால் எங்கள் அறைகளுக்கு மேலேயும் இரும்புக் கம்பி வலை, இருட்டுகிறதற்கு முன்னால் எல்லா நாயும் உள்ளே, ஓடுகிற மைதானத்தில் ராத்திரி ஒரு நாயும் இருக்காது. யானை வருகிற நாட்களில் நாய்கள்தான் முதலில் சொல்லும், அந்தக் குரைப்பு வேறு மாதிரி இருக்கும், நாங்கள் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே வராமல் இருந்துவிடுவோம். எனக்கு இவற்றைவிடப் பாம்பு பற்றித்தான் கவலை. நாய் பாம்பைப் பார்த்தால் விலகாது, மூக்கை நீட்டும். மூஞ்சி திடீரென்று வீங்கினாலோ, பின்னங்கால் துவண்டாலோ, கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் செய்யாமல் நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மனிதருக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும் போடுகிறார்கள். எந்த மருத்துவமனையில் அது கையிருப்பு இருக்கிறது என்பதை முன்பே விசாரித்துச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

விட்டுவிட்டு வராமலே போகிறவர்கள் இருக்கிறார்களா? – வாசகி, தஞ்சாவூர்

இருக்கிறார்கள். வெளிநாட்டு வேலை, விவாகரத்து, வாடகை வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, குழந்தை பிறந்துவிட்டது, நாய்க்கு வயதாகிவிட்டது. முதலில் பத்து நாள் என்பார்கள், பிறகு இன்னும் ஒரு வாரம், பிறகு போன் எடுக்க மாட்டார்கள், பிறகு அந்த நம்பரே இருக்காது. கேட் சத்தம் கேட்டதும் எழுந்து பார்க்கிற நாயை நாங்கள்தான் தினமும் பார்க்கிறோம். 1960ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் இப்படிக் கைவிடுவது குற்றம்தான், முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கூட வராத அந்தத் தொகையை மாற்ற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இப்போது சேர்க்கும்போதே அடையாள அட்டை நகலும், உள்ளூரில் பொறுப்பேற்கும் இன்னொருவரின் கையெழுத்தும் வாங்குகிறோம்.

வைத்துக்கொள்ள முடியாத நிலை யாருக்கும் வரலாம், அதை நான் தப்பாக நினைக்க மாட்டேன். அதை நேராக வந்து சொல்லுங்கள். ஊசிப் புத்தகத்தையும் நாயின் பழக்கங்களையும் கொடுங்கள், வேறு நல்ல வீடு தேட நாங்கள் உதவுகிறோம். 8 வயது நாய்க்குக் கூட வீடு கிடைக்கிறது. தேட அவகாசம் வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் நாய்க்கு 13 வயது, சிறுநீரகக் கோளாறு. பெண்ணின் கல்யாணத்துக்காக 4 நாள் விட வேண்டும். எடுத்துக்கொள்வீர்களா? – வாசகர், கோவை

எடுத்துக்கொள்ள மாட்டேன் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வயதில் இடம் மாறினால் தண்ணீர் குடிப்பது குறையும், அந்தச் சிறுநீரகத்துக்கு அது தாங்காது. கல்யாண வீட்டில் ஒரு அறையை ஒதுக்கி அவனுக்குத் தெரிந்த ஒருவரை மட்டும் கூட வைக்க முடியுமா பாருங்கள், இல்லையென்றால் அவன் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், நம்பகமான ஒருவர் வந்து தங்கட்டும். எங்களிடம் வேலை செய்கிற இரண்டு பேர் அப்படி வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் ஒரு வாரம் தினமும் ஒரு மணி நேரம் வந்து பழகட்டும், எந்த மருந்து எப்போது என்பதை அவர்களே உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வார்கள். முகூர்த்தத் தேதியை எழுதுங்கள், வைகாசி என்றால் இப்போதே சொல்லிவிட வேண்டும், அந்த மாதம் அவர்கள் இருவருக்கும் நிறையப் பேர் கேட்டு வருவார்கள்.